சாவியைத் தெருவில் தொங்கவிடலாமா?

எங்கள் தெருவில் ஒரு தையல்கடை இருக்கிறது. கடை என்று சொல்வது பெருமைக்குத்தான். வீட்டுத் திண்ணையில் ஒரு தையல் மிஷின், வாசலில் ஒரு போர்டு, அவ்வளவே. "இங்கு ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும்" என்று போர்டில் எழுதியிருக்கிறது. அதன் கீழே 10 இலக்கத்தில் ஒரு செல்போன் நம்பர்.

அந்த வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அதே 10 இலக்கம்!

சில வாரங்களுக்கு முன் அந்த அக்கா என்னை வழிமறித்தார். "தம்பி, மாதம் தவறாமல் பணம் கட்டுகிறேன். சாயங்காலம் ஆனால் நெட் நகர மாட்டேன் என்கிறது. பொண்ணு பரீட்சைக்கு மனுப் போட உட்கார்ந்தால் பாதியிலே நின்றுவிடுகிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் 'பெரிய பிளான் வாங்குங்கள்' என்கிறார்கள். உங்கள் ஆபீசில் இதெல்லாம் பார்க்கிறீர்களே, ஒரு எட்டு வந்து பார்க்கக் கூடாதா?" என்றார்.

நான் இன்ஜினீயர் அல்ல. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எங்கள் தாலுகா ஆபீசுக்கு இணைப்பு வந்தபோது ஒரு வாலிபத் தோழர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம். அந்தத் தைரியத்தில் போய்ப் பார்த்தேன். அந்த வீட்டில் இருப்பது 3 செல்போன், ஒரு லேப்டாப். ஆனால் ரௌட்டரின் பட்டியலில் இருந்ததோ 11 கருவிகள்! அழைக்காத விருந்தாளிகள் ஏழு பேர் அக்காவின் காசில் சினிமா பார்த்துக் கொண்டிருந்தார்கள். பெரிய பிளான் வாங்கியிருந்தால் பெரிய சினிமா பார்த்திருப்பார்கள்!

"நீங்களா அக்கா இந்த நம்பரை வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? இணைப்புக் கொடுக்க வந்த பையன்தான், 'உங்கள் போன் நம்பரையே வைத்துவிடுகிறேன், மறக்காது' என்றான்" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதையா? இல்லை. வாசகர்கள் தங்கள் வீட்டுப் பாஸ்வேர்டை ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். அது செல்போன் நம்பராகவோ, வீட்டுப் பிள்ளையின் பெயராகவோ இருந்தால், இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

நஷ்டம் நெட் மட்டும்தானா?

"போனால் போகட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தானே" என்று சிலர் சொல்லக் கூடும். அது நல்ல மனசு. ஆனால் உள்ளே வந்தவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் என்று யார் கண்டது?

2008 ஜூலை 26ந் தேதி ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் பத்திரிகைகளுக்கு ஒரு மின்னஞ்சல் மிரட்டல் போயிற்று. போலீஸ் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் நின்றது. அவருடைய கம்ப்யூட்டர்கள் கைப்பற்றப்பட்டன, அவர் விசாரிக்கப்பட்டார். கடைசியில் தெரிந்த விஷயம் என்ன? பாதுகாப்பில்லாமல் கிடந்த அவருடைய வைஃபையில் வேறு யாரோ புகுந்து அனுப்பிய அஞ்சல் அது!

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டும். வசதியுள்ள வெளிநாட்டுக்காரருக்கே இந்தப் பாடு என்றால், வக்கீல் வைக்க வழியில்லாத தையற்காரப் பெண்ணின் கதி என்ன?

இரண்டாவது சாவி

இன்னொரு விஷயம். இந்தப் பெட்டிக்குச் சாவி ஒன்றல்ல, இரண்டு. வைஃபையில் சேருவதற்கு ஒன்று. பெட்டியையே திறந்து அதன் அமைப்புகளை மாற்றுவதற்கு மற்றொன்று. முதல் சாவியாவது ஜனங்களுக்குத் தெரியும். இரண்டாவது இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததால் அது கம்பெனியில் வைத்தபடியே இருக்கிறது. பெயர் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'!

"எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு 2016ம் வருஷத்துச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். 'மிராய்' என்ற தீய நிரல் ஒன்று அந்த வருஷம் உலகெங்கும் பரவியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. கம்பெனிகள் வைத்த சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை எழுதி வைத்துக்கொண்டு, வீட்டு ரௌட்டர்களையும் காமிராக்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்ததையெல்லாம் தன் சேனையில் சேர்த்துக் கொண்டது. அக்டோபர் 21ந் தேதி அந்தச் சேனை 'டைன்' என்ற அமெரிக்கக் கம்பெனியைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் எட்டாமல் போயின. இந்த நிரலை எழுதியவர்கள் யார்? 2017 டிசம்பரில் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று வாலிபர்கள்!

ஆக, உங்கள் வீட்டில் திருட எதுவும் இருக்க வேண்டியதில்லை. அடுத்தவரை அடிக்க உங்கள் பெட்டியே அவர்களுக்குத் தடியாகப் போதும்.

ஃபயர்வால் என்பது என்ன?

ரௌட்டருக்குள் ஃபயர்வால் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் வேலை சுலபமானது. வீட்டிலுள்ள போன் ஏதாவது ஒரு தளத்தைக் கேட்டால், அதற்கு வருகிற பதிலை உள்ளே விடும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வருவதை வாசலிலேயே நிறுத்திவிடும்.

பழைய விலாச முறையில் வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் வெளியுலகுக்கு ஒரே விலாசமாகத் தெரியும். கேட்காமல் வருவதை யாரிடம் கொடுப்பது என்று பெட்டிக்கே தெரியாது. ஆகவே அது உள்ளே போகாது. அந்த வகையில் பாதிக் காவல் தானாகவே கிடைத்தது. இப்போது பரவிவரும் ஐ.பி.வி.6 முறையில் கருவி ஒவ்வொன்றும் வெளியே தெரியும் தனி விலாசத்தைப் பெற முடியும். இங்கே ஃபயர்வால் அணைந்திருந்தால் ஒவ்வொரு அறைக்கும் தெருவிலிருந்து நேர்வழி திறந்த மாதிரிதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. போலி லிங்க்கை நீங்களே திறந்து, வந்த ஓ.டி.பி.யை நீங்களே படித்துச் சொன்னால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. அது வாசலுக்குக் காவல். வீட்டுக்காரர் கையால் எடுத்துக் கொடுப்பதற்குக் காவல் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

செலவு ஒரு பைசா இல்லை. அரை மணி நேரம் போதும்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஒரு விலாசம் இருக்கும். வைஃபையில் சேர்ந்திருக்கும் போனில் பிரௌசரைத் திறந்து அதை அடித்தால் பெட்டியின் பக்கம் வரும். உள்ளே போனதும் முதல் வேலை, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. பிறகு வைஃபை பாஸ்வேர்டு. சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைக் கோத்து நீளமாக வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்கட்டும். டபிள்யூ.இ.பி. என்பது 2001லேயே உடைந்துபோன பூட்டு. பட்டனை அமுக்கிச் சேரும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள், அதன் 8 இலக்க எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி 2011லேயே வெளியாகிவிட்டது.

அடுத்து, ஃபயர்வால் இயங்குகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடுங்கள். 'போர்ட் ஃபார்வர்டிங்', 'டி.எம்.இசட்.' என்ற இடங்களில் நீங்கள் எழுதாதது எதுவும் இருக்கக் கூடாது. கருவிகள் தாமாகவே வாசலைத் திறந்துகொள்ளும் யு.பி.என்.பி. வசதி அவசியமில்லாவிட்டால் அதையும் அணைத்துவிடலாம். பெட்டியின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தால் ஏற்றுங்கள். பிரேசிலில் மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகச் சுமார் 45 லட்சம் மோடம்களில் புகுந்து, பாங்கு விலாசத்தைக் கேட்டவர்களைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று 2012ல் அம்பலமாயிற்று.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் துவாரம் ஒன்று இருக்கும். அவசரப்பட்டு அதைக் குத்திவிடாதீர்கள். நீங்கள் செய்த மாற்றங்களோடு, இணைப்புக்காகக் கம்பெனி வைத்த பெயரும் பாஸ்வேர்டும்கூட அழிந்துபோகலாம். பிறகு ஆள் வரும்வரை நெட் இல்லை. அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

குற்றவாளி யார்?

இப்படிச் சொல்வதால் "ஜனங்களின் அசட்டைதான் காரணம்" என்று நான் தீர்ப்புச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். தையல் மிஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைக்கு ஒரு பாஸ்வேர்டை மாற்றத் தெரியாதா? யாரும் சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

சரி, இணைப்புக் கொடுக்க வந்த பையனின் குற்றமா? அந்தப் பையனையும் சந்தித்துக் கேட்டேன். "இன்றைக்கு மட்டும் ஏழு வீடு அண்ணே. இணைப்புக்கு இவ்வளவு என்றுதான் காசு. உட்கார்ந்து பாடம் எடுத்தால் ராத்திரி வீட்டுக்குப் போக முடியுமா?" என்றான். அவனுடைய பெட்ரோல்கூட அவன் கைக்காசு.

அப்படியானால் யார் பொறுப்பு? பெட்டியை விற்றவரும், இணைப்பை விற்றவரும்தான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவியைப் போட்டு அனுப்பினால் கம்பெனிக்குச் செலவு மிச்சம். அந்த மிச்சம் அங்கே லாபமாகிறது. அதன் நஷ்டம் நம் வீட்டில் விழுகிறது. சில கம்பெனிகள் அட்மின் சாவியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதே இல்லை. பெட்டி என் வீட்டில், மின்சாரம் என் காசில், சாவி மட்டும் அவர்களிடமா?

தூரத்திலிருந்தே பழுது பார்க்க அது வேண்டும் என்கிறார்கள். அதில் வாஸ்தவம் உண்டு. ஆனால் அந்த வாசலிலும் ஆபத்து உண்டு. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் கம்பெனியின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் ரௌட்டர்கள் செயலிழந்தன. தூரத்திலிருந்து நிர்வகிக்க வைத்த அந்த வாசலைத்தான் தாக்கினார்கள். வாசலை வைத்தவர் காவலையும் வைக்க வேண்டும்.

இது நடவாத காரியமா? கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும் சட்டம் அமலில் இருக்கிறது: எல்லாக் கருவிக்கும் பொதுவான பாஸ்வேர்டு கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்க வேண்டும், அல்லது வாங்கியவர் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் வந்ததால் எந்தக் கம்பெனியும் கடையை மூடிவிட்டுப் போகவில்லை.

நம் ஊரில் கேட்க வேண்டியதும் பெரிய வரமல்ல. இணைப்புக் கொடுத்துவிட்டு ஆள் புறப்படுமுன் வீட்டுக்காரர் கையாலேயே இரண்டு பாஸ்வேர்டும் மாற்றப்பட வேண்டும். அட்மின் சாவி அவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். செய்ய வேண்டியதைத் தமிழில் அச்சடித்த ஒரு தாள் கொடுக்கப்பட வேண்டும். அதற்காகும் அரை மணி நேரத்துக்கு அந்தப் பையனுக்குக் கூலி தரப்பட வேண்டும். இதை ஒவ்வொரு வாடிக்கையாளரும் கம்பெனிக்கு எழுத்து மூலம் கேட்கலாம். ஒருவர் கேட்டால் குப்பைக்கூடைக்குப் போகும். தெருவே கேட்டால் போகாது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். தையற்கார அக்கா அன்றைக்கே மாற்றிவிட்டார். நான் எதையும் தொடவில்லை. சொன்னேன், அவர் செய்தார். பாஸ்வேர்டை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக் கொண்டார். பட்டியலில் இப்போது நாலே கருவிகள். பெண்ணின் மனுவும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் எதிர்வீட்டு அம்மாளுக்கு அவரே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வீட்டில் தொடங்குங்கள்!