கேள்வி கேட்டால் சர்க்கார் முடங்குமா?

நம் நாட்டுச் சர்க்கார் ஆபீசுகளில் சில காலமாக ஒரு கூப்பாடு கிளம்பியிருக்கின்றது. அதாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பேரால் ஜனங்கள் மனுவுக்கு மேல் மனுப்போட்டுத் தொல்லை கொடுக்கிறார்களாம்; பதில் எழுதி எழுதியே உத்தியோகஸ்தர்களுக்குப் பொழுது போய்விடுகின்றதாம்; மற்ற வேலைகளெல்லாம் கிடப்பில் கிடக்கின்றனவாம். ஆகையால் மனுப்போடுவதற்கு ஒரு கட்டுத்திட்டம் வேண்டுமாம். படித்தவர்கள் என்பவர்களிலும் சிலர் இதற்குத் தலையாட்டுகிறார்கள். இதன் யோக்கியதை என்ன என்பதைச் சற்று நிதானமாய் யோசித்துப் பார்ப்போம்.

நமது மண்ணாடிப்பட்டு கொம்யூனையே எடுத்துக்கொள்ளுவோம். திருக்கனூரிலோ, காட்டேரிக்குப்பத்திலோ, சுத்துக்கேணியிலோ உள்ள ஒரு குடியானவன், தன் தெருச் சாக்கடைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் அவன் யாரைக் கேட்பது? தான் ஓட்டுப்போட்ட பஞ்சாயத்து அங்கத்தினரைக் கேட்கலாம் என்பீர்கள். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தச் சபைகளின் ஆயுளும் 2011ல் முடிந்துபோயிற்று. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேலாகத் தேர்தலே வைக்காமல், உத்தியோகஸ்தர்களைக் கொண்டே கொம்யூன் நிர்வாகம் நடத்தப்பட்டது. கேட்பதற்கென்று ஏழைக்கு மிஞ்சியிருந்த வாய் இந்தப் பத்து ரூபாய் மனு ஒன்றுதான். தேர்தலையும் வைக்கமாட்டேன், மனுவையும் போடாதே என்றால், வரியை மாத்திரம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்பதல்லாமல் அதற்கு வேறு அர்த்தம் உண்டா?

"கொம்யூன்" என்பதே பிரஞ்சுக்காரன் விட்டுப்போன வார்த்தை. அந்தப் பிரஞ்சு தேசத்தில் 1789ல் ஜனங்கள் கிளர்ந்தெழுந்து செய்த மனித உரிமைப் பிரகடனத்தின் 15வது பிரிவு, பொதுவேலை பார்க்கும் எந்த உத்தியோகஸ்தனிடத்திலும் கணக்குக் கேட்க சமூகத்திற்கு உரிமை உண்டு என்கின்றது. அவன் அந்த உரிமையைத் தன் தேசத்துக்கு வைத்துக்கொண்டு நமக்குக் கவர்னரை அனுப்பினான். 1954ல் அவன் கொடி இறங்கிற்று. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு காத்திருந்து 2005ல்தான் நமக்கு இந்தச் சட்டம் கிடைத்தது. அதுவும் யாரும் தானமாய்க் கொடுத்ததல்ல. ராஜஸ்தானத்தில் கூலிவேலை செய்த ஆண்களும் பெண்களும், தங்கள் கூலிப் பட்டியலைக் காட்டு என்று 1994 முதல் ஊர் ஊராய்ப் பொதுவிசாரணை நடத்தி, 1996ல் பேவார் பட்டணத்துத் தெருவில் 40 நாள் உட்கார்ந்து வாங்கியதாகும்.

நிற்க. வேலைப்பளு என்பதைப் பார்ப்போம். பளு எங்கிருந்து வந்தது? இந்தச் சட்டத்தின் 4வது பிரிவு, ஒவ்வொரு ஆபீசும் தன் தஸ்தாவேஜுகளை ஒழுங்காய் அட்டவணைப்படுத்தி வைக்கவேண்டும் என்கின்றது. அன்றியும், 17 வகை விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும் என்கின்றது. ஒதுக்கிய பணம் எவ்வளவு, மானியம் யார் யாருக்குப் போயிற்று, உத்தியோகஸ்தர் சம்பளம் என்ன என்பதெல்லாம் அதில் அடக்கம். அதை உள்ளூர் ஜனங்களின் பாஷையில் அறிவிப்புப் பலகை மூலமாகவும் தெரியப்படுத்தலாம் என்று சட்டமே வழி சொல்லுகின்றது. ஜனங்கள் மனுப்போடவேண்டிய அவசியமே குறையவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதற்குக் கொடுத்த கெடு 120 நாள். அந்தக் கெடு 2005 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

சாக்கடைக் கணக்கை ஆபீஸ் வாசல் பலகையில் ஒரு தரம் ஒட்டினால் ஊரே படித்துவிட்டுப் போகும். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் நூறு பேர் நூறு மனுப்போடுவார்கள். நூறு பதிலும் எழுதித்தான் ஆகவேண்டும். கிணற்றைப் பூட்டிவைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு வாசலில் கூட்டம் சேருகின்றதே என்று அழுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இவர்கள் பெரிய ஆதாரமாகக் காட்டுவது 2011ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஒரு வாக்கியமாகும். 75 சதவீத சிப்பந்திகள் தங்கள் நேரத்தில் 75 சதவீதத்தைத் தகவல் திரட்டுவதிலேயே கழிக்கும்படியான நிலைமையை நாடு விரும்பாது என்று அதில் சொல்லப்பட்டது. அந்த வழக்கு எதைப் பற்றியது? ஒரு மாணவன், தான் எழுதிய பரீட்சைத் தாளைத் தானே பார்க்கவேண்டும் என்று கேட்ட வழக்கு. அந்தத் தீர்ப்பிலேயே, மாணவனுக்குத் தாளைப் பார்க்க உரிமை உண்டு என்றுதான் முடிவாயிற்று. வாக்கியத்தைச் சொல்லுகிறவர்கள் முடிவை ஏன் மறைக்கிறார்கள்? அதுபோலவே 2014 செப்டம்பரில் சென்னை ஹைக்கோர்ட்டு, மனுதாரர் காரணம் சொல்லவேண்டும் என்றது. காரணம் கேட்கக்கூடாது என்று சட்டத்தின் 6வது பிரிவு சொல்லுவது பிறகு கவனத்துக்கு வந்து, சில நாளிலேயே கோர்ட்டாரே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள்.

மற்றும், மனுப்போடுகிறவன் படும் பாட்டை யாராவது கணக்குப் பார்த்தார்களா? 30 நாளில் பதில் வராவிட்டால் அதே இலாகாவின் மேல் அதிகாரிக்கு அப்பீல். அதற்குமேல் போகவேண்டுமானால், புதுச்சேரி யூனியன் பிரதேசமானதால் நமக்கென்று தனித் தகவல் ஆணையம் கிடையாது; டில்லியில் உள்ள மத்திய ஆணையத்துக்கே எழுதவேண்டும். சாக்கடை இருப்பது சுத்துக்கேணியில், நியாயம் இருப்பது டில்லியில்! பளு யார் தலையில் இருக்கின்றது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மனப்பான்மை நமக்குப் புதிதல்ல. வேதத்தைச் சூத்திரன் காதால் கேட்டால் அந்தக் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று கவுதம தர்ம சூத்திரம் எழுதி வைத்தது. விஷயம் தெரிந்துவிட்டால் அடங்கமாட்டான் என்ற பயமே அதற்குக் காரணம். வெள்ளைக்காரன் 1923ல் ரகசியச் சட்டம் செய்ததும் அதே பயத்தினால்தான். இன்று ஈயம் காய்ச்சுவதில்லை. "வேலைப்பளு" என்று ஒரு வார்த்தையைக் காய்ச்சி ஊற்றப் பார்க்கிறார்கள்.

ஆனால், மனுப்போடுகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவரவில்லை. காண்ட்ராக்டரை மிரட்டிப் பணம் பறிப்பதற்காக மனுப்போடும் போக்கிரிகளும் இருக்கிறார்கள். பங்காளிச் சண்டைக்காக ஒரே கேள்வியை இருபது ஆபீசுக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பாவமும் அறியாத கீழ்நிலைக் குமாஸ்தா ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு நகல் எடுக்கும் கஷ்டத்தையும் நாம் மறுக்கவில்லை. அதற்குப் பரிகாரம் என்ன? மிரட்டிப் பணம் கேட்டவன் மீது போலீசில் பிராது கொடுக்கலாம். கட்டுக்கட்டாய்க் காகிதம் கேட்டால், நேரில் வந்து தஸ்தாவேஜைப் பார்த்துக்கொள் என்று சொல்லலாம். வேண்டிய நகலுக்குக் கட்டணமும் வாங்கலாம். எல்லாவற்றையும்விட, வெளியிட்டுவிட்ட கணக்கை வைத்து எவனும் எவனையும் மிரட்ட முடியாது. மூடிவைப்பதுதான் மிரட்டுகிறவனுக்கு மூலதனம். இதை விட்டுவிட்டு, குஜராத் தகவல் ஆணையம் சிலரை இனி மனுப்போடவே கூடாது என்று தடுத்ததாக 2022ல் வெளியான சங்கதியைப்போல் செய்வது, மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவதாகும்.

ஆகவே தோழர்களே! நாம் செய்யவேண்டிய காரியம் இதுதான். கோபத்தில் பத்து மனு எழுதாமல், யோசித்து ஒரு மனு எழுதுங்கள். எந்த வருஷம், எந்த வேலை, எந்தக் கணக்கு என்று தெளிவாய்க் கேளுங்கள். வந்த பதிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், டீக்கடையிலும் மரத்தடியிலும் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அத்துடன் ஒவ்வொரு ஊராரும் சேர்ந்து, எங்கள் ஊர்க் கணக்கைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டு என்று கேளுங்கள். ஒட்டிவிட்டால் அவர்களுக்கும் பளு இல்லை, நமக்கும் அலைச்சல் இல்லை. ஒட்ட மறுத்தால், பளு என்று சொல்லியதெல்லாம் பொய், பயம் ஒன்றே மெய் என்பது ஊருக்கே விளங்கிப்போகும்.