பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருந்தால் போதுமா? மாடிஃபைடு காரின் சத்தத்தை யார் அளப்பது?

செல்லூரில் இரவு 11 மணி. வீட்டோடு வீடு ஒட்டிய தெருவுக்குள் சைலன்சர் மாற்றிய கார் ஒன்று திரும்பினால், தூங்கும் குழந்தை முதல் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் வரை எல்லோரும் எழுந்துகொள்வார்கள். அதே கார் கோரிப்பாளையம் பக்கம் ஓரங்கட்டப்படும்போது, ஓட்டுபவர் முதலில் நீட்டுவது பியூசி சான்றிதழைத்தான். "சார், பொல்யூஷன் பக்காவா இருக்கு. அப்புறம் எதுக்கு ஃபைன்?"

கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சான்றிதழில் சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பியூசி எதை அளக்கிறது?

புகையை மட்டும். பெட்ரோல் கார் என்றால் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் ஒரு குழலை விட்டு, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளப்பார்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களுக்கு வரம்பு 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும். டீசல் கார் என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தி, வரும் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். புதிய வண்டிக்கு, பதிவாகி ஓராண்டு முடிந்ததும் பியூசி கட்டாயம். அதன்பின் பிஎஸ்-4 முதல் வந்த வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை. 2021 முதல் நாடு முழுவதும் க்யூஆர் கோடுடன் ஒரே மாதிரிச் சான்றிதழ். தேறாத வண்டிக்குக் காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு கிடைக்கும்.

சோதனைக்குப் போகும் முன் 15 நிமிடமாவது வண்டியை ஓட்டிச் சூடேற்றிக்கொள்வது நல்லது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடானால்தான் முழுசாக வேலை செய்யும்.

சைலன்சரை மாற்றினால் புகையும் மாறுமா?

பல நேரம் மாறும். 'ஃப்ரீ ஃப்ளோ', 'ஸ்ட்ரெயிட் பைப்' என்று மாற்றும்போது சில இடங்களில் கன்வர்ட்டரையே கழற்றிவிடுகிறார்கள். சத்தம் 'கெத்தா' வரும். ஆனால் கன்வர்ட்டர் இல்லாமல் 0.3 சதவீதத்துக்குள் வருவது கஷ்டம். டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கும் எரிய வாய்ப்பு உண்டு. கன்வர்ட்டரைத் தொடாமல், பின்னால் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றியிருந்தால் கதை வேறு. புகைச் சோதனையில் வண்டி தேறிவிடும்; தெருதான் அதிரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு கார் மாடல் விற்பனைக்கு வரும் முன், புனே ஏஆர்ஏஐ, ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை மையங்களில் ஒப்புதல் பெற வேண்டும். அப்போது சத்தமும் அளக்கப்படும். 9 பேர் வரை ஏறும் பயணிகள் கார்களுக்கு 2005 முதல் வரம்பு 74 டெசிபல். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தம்.

அந்த ஒப்புதலுக்குப் பிறகு உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52. கேரளத்தைச் சேர்ந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு அப்போது ரத்தானது. சிஎன்ஜி கிட் பொருத்துவது, மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைப்பது போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே தனி வழி உண்டு.

தண்டனை? அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-வின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும். ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் பிரிவு 190-ன்படி முதல் முறை 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸும் போகும். சைலன்சரைத் தாண்டிப் புகையை வெளியேற்றும் 'கட்-அவுட்' வைத்து ஓட்டினால் பிரிவு 194எஃப்-ன்படி முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வண்டி இப்போது யார் பெயரில் இருக்கிறதோ, சாலையில் அவரைத்தான் கேட்பார்கள். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்பது அங்கே எடுபடுவது கடினம். பழைய ஒரிஜினல் சைலன்சரையும் கேட்டு வாங்குங்கள். 15 ஆண்டு முடிந்து ஆர்சி புதுப்பிக்க மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தும் நாளிலும் அது கைகொடுக்கும்.

எங்கே இடிக்கிறது?

சட்டத்தில் கடுமை இருக்கிறது, அளவீடுதான் இல்லை. 74 டெசிபல் என்பது சோதனைத் தடத்தில் ஓடும் வண்டிக்கான கணக்கு. சாலையில் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. ஒலிமானி கையில் இல்லாத காவலருக்குக் காதுதான் கருவி. அதனால் நிஜமாகவே தெருவை அதிரவைப்பவர், "எத்தனை டெசிபல்னு காட்டுங்க சார்" என்று வாதாடலாம். இன்னொரு பக்கம், மஃப்ளர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பழைய காரை ஓட்டுபவர், தப்பு செய்யாமலே மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் சரியல்ல.

நிற்கும் வண்டியின் சத்தத்தை எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்து அளக்க, ஐஎஸ் 10399 என்ற இந்தியத் தரமுறை ஏற்கெனவே இருக்கிறது. சிங்கப்பூரில் வாகனங்களின் கட்டாயச் சோதனையில் புகையோடு எக்ஸாஸ்ட் சத்தத்தையும் அளக்கிறார்கள். ஜப்பானின் 'ஷாக்கென்' சோதனையிலும் அப்படியே. இங்கே பியூசி மையங்கள் ஏற்கெனவே ஊரெங்கும் இருக்கின்றன, வண்டிகளும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஓடும் வண்டிகளுக்கென எளிய வரம்பை அறிவித்து, சான்றிதழில் டெசிபலுக்கும் ஒரு வரி ஒதுக்குவது அரசால் முடியாத காரியம் அல்ல.

அபராதம் காரோட்டியோடு நின்றுவிடவும் கூடாது. சத்தம் கூட்டும் சைலன்சரைக் கடையில் வெளிப்படையாக விற்கலாம், ஷெட்டில் பொருத்தலாம், சாலையில் மட்டும் ஓட்டக் கூடாது என்றால், வாங்கிய இளைஞர் மட்டும்தான் கோர்ட்டுக்கும் ஆர்டிஓ அலுவலகத்துக்கும் அலைவார். விற்பவருக்கும் பொருத்துபவருக்கும் பொறுப்பு வந்தால்தான் இது குறையும்.

காரை ரசித்து மாற்றுவது குற்றமான ஆசை அல்ல. ஆனால் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கும் கோரிப்பாளையத்தையும், நெருக்கிக் கட்டிய செல்லூர்த் தெருக்களையும் கடந்துதான் அந்த கார் வீடு போய்ச் சேர வேண்டும். அங்கே தூங்குபவர்களுக்கும் அந்தத் தெருவில் உரிமை இருக்கிறது. அதைக் காப்பாற்றும் சோதனை, காவலரின் காதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.