பெயருக்கு ஒரு ஜமீன்

போடிநாயக்கனூர் ஒரு காலத்தில் ஜமீன் ஊர். ஜமீன்தார் ஏர் பிடித்ததில்லை, நாற்று நட்டதில்லை. ஆனால் களத்தில் நெல் குவிந்ததும் அவருடைய ஆள் முதலில் வந்து நிற்பான். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவர் பங்கு அவருக்கு. 1948-ஆம் வருஷச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறைக்கு முடிவு கட்டியது. நிலத்தின் மேலிருந்த ஜமீன் ஒழிந்தது. இன்று பெயரின் மேல் ஒரு ஜமீன் முளைத்திருக்கிறது!

ஓட்டல் வாசலில் தொங்கும் பலகையைப் பாருங்கள். பலகையில் உள்ள பெயர் ஒருவருக்குச் சொந்தம். பணம் போட்டுக் கடை திறந்தவர் வேறொருவர். உள்ளே அடுப்படியில் வேகிறவன் மூன்றாமவன். பெயருக்குரிய கம்பெனி, பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதி தருகிறது. அதற்கு முன்பணம் வாங்குகிறது. பிறகு மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கு வாங்குகிறது. சரக்கு எங்கே வாங்குவது, மேஜைக்கு என்ன நிறம், எடுபிடிப் பையனுக்கு என்ன சட்டை என்பதெல்லாம் கம்பெனியின் கட்டளை. இந்த ஏற்பாட்டுக்கு பிராஞ்சைஸ் என்று பெயர்.

விற்பனையில் பங்கு என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். லாபத்தில் பங்கு வாங்குகிறவன் நஷ்டத்திலும் வாடுவான். விற்பனையில் பங்கு வாங்குகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. கடை நஷ்டத்தில் ஓடினாலும் அவன் வரும்படி குறையாமல் வந்து சேரும். அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி இதற்கும் ஒருபடி மேலே போயிற்று. கடை நிற்கும் இடத்தையே தான் பிடித்து, கடைக்காரரிடம் வாடகையும் வாங்குகிறது, பெயருக்கு ராயல்டியும் வாங்குகிறது. ஜமீன்தார் என்ற சொல் இதற்குப் பொருந்தாதா?

"இது பணக்காரர் வியாபாரம், மில் தொழிலாளிக்கும் தோட்டக் கூலிக்கும் இதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. இந்தப் பலகைகளின் கீழே தட்டு ஏந்தி நிற்பவர்கள் நம் பிள்ளைகள். மில்லிலிருந்து ஓய்வுபெறும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிப் பணத்தை நாலு பேராகச் சேர்ந்து இப்படிப்பட்ட கடையில் போடத் துணிகிறவர்களும் நம்மவர்களே. ஆகவே பெயர்க்காரனும் கடைக்காரனும் கோர்ட்டு ஏறினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

டில்லியில் நடந்தது

1995-ஆம் வருஷம் மெக்டொனால்ட்ஸ் கம்பெனியும் டில்லி முதலாளி விக்ரம் பக்ஷியும் பாதிக்குப் பாதி பங்கில் ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். கன்னாட் பிளாசா ரெஸ்டாரண்ட்ஸ் என்பது அதன் பெயர். வடக்கிலும் கிழக்கிலும் கடை நடத்துவது அதன் வேலை. 1996-இல் டில்லியில் முதல் கடை திறந்தது. வியாபாரம் பெருகியது. பெருகியதும் பங்காளிச் சண்டையும் வந்தது.

2013 ஆகஸ்டில் பக்ஷியை நிர்வாக டைரக்டர் பதவிக்கு மறுபடி தேர்ந்தெடுக்க அமெரிக்கக் கம்பெனி மறுத்துவிட்டது. அவர் கம்பெனி சட்ட வாரியத்துக்குப் போனார். கம்பெனியோ லண்டனில் உள்ள மத்தியஸ்த மன்றத்துக்குப் போயிற்று. இங்கே ஒரு வழக்கு, கடல் கடந்து ஒரு வழக்கு. வக்கீல்களுக்கு நல்ல விளைச்சல்!

2017 ஜூன் மாதக் கடைசியில் டில்லியில் இருந்த 55 கடைகளில் 43 கடைகள் மூடப்பட்டன. சாப்பாட்டுக் கடைக்கு வேண்டிய லைசென்ஸ் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படவில்லை என்பது காரணம். லைசென்ஸை நேரத்தில் புதுப்பிக்கத் தவறியது தட்டு கழுவியவனா, உருளைக்கிழங்கு பொரித்தவனா? அந்தக் கடைகளில் சுமார் 1,700 பேர் வேலை பார்த்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அவர்களுக்குச் சம்பளம் நிற்காது என்று கம்பெனி தரப்பில் சொல்லப்பட்டது. சொன்னது நல்லதே. ஆனால் கதவு மறுபடி திறக்குமா, எப்போது திறக்கும் என்று தெரியாமல் தொழிலாளி எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பான்?

ஜூலையில் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் பக்ஷியை மீண்டும் பதவியில் அமர்த்தியது. ஆகஸ்டில் கம்பெனி தன் கடைசி ஆயுதத்தை எடுத்தது. ராயல்டி பாக்கி உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, 169 கடைகளுக்கான பெயர் உரிமையை ரத்து செய்தது. செப்டம்பரில் லண்டன் மன்றம், பக்ஷி தம் பங்கைக் கம்பெனிக்கே விற்றுவிடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிறகும் இழுபறி நின்றபாடில்லை. கடைசியில் 2019 மே மாதம் இரு தரப்பும் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. பக்ஷியின் பங்கைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் கடைகளைச் சில நாள் மூடி வைத்துத்தான் திறந்தார்கள்.

ஆறு வருஷச் சண்டை! இதில் நாம் யார் பக்கம்? பக்ஷி நம் வர்க்கத்தவர் அல்லர். அமெரிக்க ஏகபோகம் நமக்கு உறவும் அல்ல. அவர் பங்கை விற்றார், பணத்தை வாங்கினார். இவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள், கடைகளைப் பிடித்தார்கள். அந்த வழக்குகளில் விவாதிக்கப்பட்டது பங்கும் பதவியும் பெயரும். அடுப்படித் தொழிலாளி வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல. கடையைத் தினமும் திறந்து மூடியவனுக்கு அந்தக் கோர்ட்டில் உட்கார ஒரு பெஞ்சு இல்லை.

மலை கற்றுக்கொடுத்த பாடம்

ஏலமலைத் தொழிலாளிக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. விடியுமுன் போடியில் ஜீப்பு ஏறி, போடி மெட்டைத் தாண்டிக் காய் எடுக்கப் போகும் பெண்களைக் கேளுங்கள். தோட்டம் ஒருவருடையது. குத்தகை எடுத்தவர் இன்னொருவர். ஆள் கூட்டிப் போகிறவர் மூன்றாமவர். கூலி பாக்கி என்றால் ஆள் கூட்டிப் போனவர் குத்தகைக்காரரைக் காட்டுவார். குத்தகைக்காரர் தோட்டத்துக்காரரைக் காட்டுவார். தோட்டத்துக்காரர் எந்தப் பட்டணத்திலோ இருப்பார். அவர்களுக்குள் வழக்கு வந்து தடையுத்தரவு வாங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். காய்க்குத் தடையுத்தரவு தெரியுமா? எடுக்க வேண்டிய நாளில் எடுக்காவிட்டால் பழுத்து வெடித்துப் போகும். காய் எடுப்பவளின் வயிற்றுக்கும் தடையுத்தரவு தெரியாது.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. விலை ஏறும்போது பங்கு கேட்க எத்தனை கை நீண்டது! காய் எடுத்த கைக்குக் கூலி அந்த வேகத்தில் ஏறியதா? லாபம் வரும்போது "என் தோட்டம், என் பெயர்" என்பதும், கூலி பாக்கி கேட்கும்போது "அவரைக் கேள்" என்பதும் மலையிலும் ஒன்றுதான், டில்லி ஓட்டலிலும் ஒன்றுதான்.

நம் முன்னோர் இதை எதிர்த்துப் போராடியே ஒரு நியாயத்தைச் சட்டத்தில் எழுத வைத்தார்கள். ஒப்பந்தக்காரன் கூலி கொடுக்காவிட்டால், வேலை யாருக்காக நடக்கிறதோ அந்த முதன்மை முதலாளியே கொடுக்கவேண்டும் என்று 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் வருஷத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. பெயர்க் கம்பெனி இதில் நழுவப் பார்க்கிறது. "நான் பெயரை மட்டும் கொடுத்தேன், ஆள் வைத்தது கடைக்காரர்" என்கிறது. பொரிக்கும் எண்ணெயை எப்போது மாற்றுவது என்று சொல்ல அதிகாரம் உண்டாம், பொரிக்கிறவன் கூலிக்குப் பொறுப்பு மட்டும் இல்லையாம்!

அமெரிக்கத் தொழிலாளிகள் இந்த வாதத்தோடு மல்லுக்கட்டியவர்கள். 2012 நவம்பரில் நியூயார்க் நகரத்து ஓட்டல் தொழிலாளிகள் மணிக்கு 15 டாலர் கூலியும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைக்குக் கடை முதலாளி வேறு என்று அவர்கள் பிரிந்து நிற்கவில்லை. ஒரே பலகையின் கீழ் வேலை செய்கிறவர்கள் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். கிளர்ச்சி ஊர் ஊராகப் பரவியது. கலிபோர்னியாவில், நாடு முழுதும் 60 கடைகளுக்குக் குறையாமல் உள்ள பெயர்களின் கீழ் வேலை செய்வோருக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தது. ஒரு கடையை மட்டும் எண்ணாமல் பெயரை எண்ணிய சட்டம் அது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பணம் போடுகிறவர்களுக்கு

இனி, சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏகபோகம் வளர வளர, சிறுவியாபாரிக்கு முதலாளி என்ற பட்டம் மட்டும் மிஞ்சுகிறது. அதிகாரம் பெயர்க்காரன் கையில், நஷ்டம் இவர் தலையில். அமெரிக்காவில்கூடப் பெயர்க் கம்பெனி தன் கணக்கு, வழக்கு விவரங்களை எழுதி, கையெழுத்து வாங்குவதற்கு 14 நாள் முன்னதாகக் கொடுத்தாகவேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் பிராஞ்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தையும் பொதுவான பிற சட்டங்களையும் பிடித்துக்கொண்டுதான் வழக்காடவேண்டும். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் எந்த ஊரில் மத்தியஸ்தம் என்று ஒரு வரி இருக்கும். கோடீஸ்வரர் லண்டனுக்கு வக்கீல் அனுப்புவார். போடிக்காரர் தம் பாக்கிக்காக டில்லிக்கும் பம்பாய்க்கும் எத்தனை தடவை ரயில் ஏறமுடியும்?

ஆகவே நாம் கேட்பது மூன்று. பெயரை வாடகைக்கு விடும் கம்பெனிகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும். முன்கூட்டியே எல்லாக் கணக்கையும் காட்டவேண்டும், வழக்கைக் கடைக்காரர் ஊரிலேயே நடத்தவேண்டும் என்று அது விதிக்கவேண்டும். கடைக்காரர் கைவிரித்தால் கூலிக்கும் கிராஜுவிட்டிக்கும் பெயர்க் கம்பெனியே பொறுப்பு என்று சட்டத்தில் தெளிவாக எழுதவேண்டும். முதலாளிகளின் வழக்கால் கடையோ தோட்டமோ மூடப்பட்டால், எந்தப் பங்காளியும் ஒரு காசு எடுப்பதற்கு முன் தொழிலாளியின் பாக்கியை முதலில் தீர்க்கவேண்டும்.

இதைச் சர்க்கார் தானாகத் தராது. ஓட்டல் பையனையும் ஏலக்காய்த் தொழிலாளியையும் மில் தொழிலாளியையும் ஒரே சங்கக் கொடியின் கீழ் நிறுத்தினால்தான் கிடைக்கும். அதுவரைக்கும், பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்க ஆபீசில் கொண்டுவந்து படித்துக் காட்டுங்கள். பலகையின் கீழ் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம், சம்பளச் சீட்டையும் வருகைக் கணக்கையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நிலத்து ஜமீன் தானாகச் சாயவில்லை. உழுதவர்கள் ஒன்றுகூடிச் சாய்த்தார்கள். பெயர் ஜமீனுக்கும் அதுவே மருந்து.