யார் வாசலில் கடல்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் அக்கா மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். விரலால் வயிற்றை அழுத்துவார். கண் கலங்கிய மீனாக இருந்தால் விலைகூடக் கேட்காமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். வாங்கிய மீன் பஃபலோ சாலையில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு வரும். புளியைக் கரைத்து, மாங்காய் போட்டு, அவரே குழம்பு வைப்பார். மற்ற ஆறு நாளும் அவர் மீனைத் தொடுவதில்லை, வேலை செய்யும் வீட்டில் அந்த வாடை ஆகாது. அந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் பத்தடியில் கடல்.

அக்கா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர்க்காரர். வீரமாகாளியம்மன் கோயிலில் என் மனைவிக்குப் பழக்கமானவர். செந்தோசாத் தீவில், செந்தோசா கோவ் குடியிருப்பின் ஒரு தரை வீட்டில் இல்லப் பணிப்பெண்ணாக ஏழாண்டாக இருக்கிறார். ஞாயிறு காலை தீவிலிருந்து வெளியே வந்து, ஹார்பர்ஃபிரண்டில் ஊதா நிற ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அந்த ஐந்து நிறுத்தத்துக்குள் இரண்டு உலகம் மாறுவதாக அவர் சொல்வார். நான் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொண்டிருந்தேன், போன மாதம் ஒருநாள் அங்கே போய் நடந்து பார்க்கும் வரை.

செந்தோசாவின் பழைய பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. மலாய்க்காரர் வைத்த அந்தப் பெயரில் 'மாத்தி' என்றால் சாவு. பிரிட்டிஷார் அங்கே பீரங்கிக் கோட்டைகள் கட்டினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் கொன்று கடலில் வீசப்பட்டவர்களின் உடல்கள் அந்தக் கரையில் ஒதுங்கின. 1970களின் தொடக்கத்தில் அரசு தீவைக் கையில் எடுத்து, உல்லாசத் தீவாக்கி, செந்தோசா என்று பெயர் சூட்டியது. மலாயில் அமைதி என்று பொருள். நம் காதுக்குச் சந்தோஷம் என்றே விழும். இரண்டும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்த சொற்கள்.

தீவின் கிழக்கு முனையில் நின்றால் எதிரே செயின்ட் ஜான்ஸ் தீவு தெரிகிறது. 1936இல் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறி வந்தார், டெக் பயணியாக. கப்பலிலிருந்து நேரே சிங்கப்பூருக்குள் கால் வைக்க விடவில்லை. அம்மையும் வாந்திபேதியும் பரவிவிடும் என்று டெக்கில் வந்தவர்களை அந்தத் தீவில் இறக்கி, துணிகளை ஆவியில் அவித்து, நாட்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். 1874இல் தொடங்கிய தொற்றுக்காப்பு முகாம் அது. மேல்தட்டில் அறை எடுத்து வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. தாத்தா பிறகு துறைமுக வாரியத்தில் மூட்டை தூக்கினார். அந்த முகாமைப் பற்றி அவர் சொன்னதாக அப்பாவுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: அங்கிருந்து பார்த்தால் ஊர் விளக்கு தெரியும், போக முடியாது.

அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில்தான் இன்று சிங்கப்பூரின் மிகப் பெரிய பணம் குடியிருக்கிறது. செந்தோசா கோவின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 2003 வாக்கில் மனைகள் விற்பனைக்கு வந்தன. 117 ஹெக்டேர், ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், நடுவே கால்வாய்கள், பல வீடுகளுக்குப் பின்னால் சொந்தப் படகுத்துறை. கால்வாய்களுக்கு இடையே செயற்கையாக உருவாக்கிய குட்டித் தீவுகளுக்கு முத்து, பவளம், புதையல், சொர்க்கம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் இந்நாட்டில் தரை வீடு வாங்குவது மிகக் கடினம். நிரந்தரவாசியாகக்கூட இல்லாத ஒருவர் அரசின் அனுமதி பெற்றுத் தரை வீடு வாங்கக்கூடிய ஒரே இடம் செந்தோசா கோவ். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வீடு வாங்கினால் விலைக்கு மேல் நூற்றுக்கு 60 கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஒரு கோடி வெள்ளி வீட்டுக்கு அறுபது லட்சம் வெள்ளி தீர்வை. அதையும் கட்டி வாங்கக்கூடியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சில நாட்டுக் குடிமக்களுக்கு வர்த்தக ஒப்பந்தத்தால் விலக்கும் உண்டு.

உணவகங்கள் இருக்கும் படகுத்துறை வரை யாரும் போகலாம். தீவுக்குள் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நான் போனது ஒரு செவ்வாய் மாலை. வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளில் ஆளில்லை. காவல் பணியில் இருந்தவர் ஜோகூர்த் தமிழர், தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவர். கண்ணாடி மாளிகைகளைக் காட்டி, "ராத்திரில வந்து பாருங்கண்ணே, நெறைய வீட்டுல வெளக்கே எரியாது" என்றார். பல வீடுகளின் சொந்தக்காரர்கள் ஆண்டில் சில வாரம் வருகிறவர்கள். சிங்கப்பூரில் கோடைகாலம் என்று தனியாக ஒன்று கிடையாது. அவரவர் நாட்டின் விடுமுறைக்கேற்ப இவர்கள் வந்து போகிறார்கள். நாள்தோறும் வருகிறவர்கள் வேறு: தோட்டம் வெட்டும் வங்காளத் தொழிலாளிகள், நீச்சல்குளம் துப்புரவு செய்கிறவர்கள், படகு துடைக்கிறவர்கள், ஏசி பழுது பார்க்கிற நம் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பையன்கள். எந்த வீட்டு வேலியில் எப்போது பூப் பூக்கும், எந்தக் கால்வாயில் எந்த நேரம் நீர் ஏறும் என்று இவர்களுக்குத்தான் தெரிகிறது. அந்த இடத்தோடு பழகியவர்கள்தானே அதன் ஊர்க்காரர்கள்? என் கணக்கில் இவர்கள்தான்.

கடலோர மாளிகையின் அன்றாட வாழ்க்கை எப்படி என்று அக்காவிடம் கேட்டால், உப்பைப் பற்றித்தான் பேசுவார். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. இரவெல்லாம் அடித்த காற்று காலையில் அதில் வெள்ளையாகப் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் துணியை நனைத்து முதல் துடைப்பு, உலர்ந்த துணியில் இரண்டாவது. கதவுக் கீல், வெளி நாற்காலியின் திருகு, அடுப்பு வைக்கும் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும். எண்ணெய் போட வேண்டும். மின்சாமான்கள் சீக்கிரம் போய்விடும் என்பதால் ஜன்னல்களைத் திறப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி. "அலைச் சத்தம் கேட்டு நாளாச்சு தம்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் படம் மாதிரி இருக்கும்" என்றார் ஒருநாள், மாங்காய் நறுக்கிக்கொண்டே. எனக்குக் கையில் இருந்த காப்பி ஆறிப்போகும் வரை பேச்சு வரவில்லை.

அந்த வீட்டுக்காரர்களை அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை. நல்ல மனிதர்கள். மாதம் ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு தர வேண்டும் என்பது 2023இல் வந்த சட்டம். இவர்கள் அதற்கு முன்பிருந்தே எல்லா ஞாயிறும் விடுகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அக்காவின் மகள் நர்சிங் படித்து முடித்தாள். என் ஆதங்கம் கடலைப் பற்றியது.

அக்காவின் பழைய வீடும் கடலோரம்தான். படகை இழுத்து நிறுத்தும் மணல்மேட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் அது இல்லாமல் போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் இருவர் அக்காவின் வீட்டார். அடுத்த ஆண்டு தமிழக அரசு, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே குடிபெயர்ந்தால் புது வீடு என்றது. உயிர்ப் பயத்தில் பலர் போனார்கள். அக்காவின் அம்மா இப்போது கான்கிரீட் வீட்டில் இருக்கிறார். கடலைப் பார்க்க நடந்து போக வேண்டும், முட்டி வலிக்கிறது, அதனால் போவதில்லை. அதே காலத்தில் சென்னைக்குத் தெற்கே நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் என்று கடலைப் பார்த்த பங்களாக்கள் மீனவர் குப்பங்களுக்குப் பக்கத்திலேயே எழுந்தன. ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். பிழைப்புக்காகக் கடலருகே இருந்தவர் உள்ளே போகிறார், பார்ப்பதற்காகக் கடல் வேண்டியவர் அந்த இடத்துக்கு வருகிறார்.

சிங்கப்பூரில் இதற்கு நேரெதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. இந்த நாட்டை நினைத்து நான் பெருமைப்படுகிற விஷயங்களில் அதுவும் ஒன்று. கத்தோங், மேயர் ரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்தில் பணக்காரர்களின் கடலோர பங்களாக்கள். வீட்டுத் தோட்டத்தின் கடைசிப் படி நீரில் இறங்கும். வார இறுதிக்கென்றே அங்கே வீடு கட்டியவர்கள் உண்டு. 1966இல் அரசு கிழக்குக் கரையைத் தூர்க்கத் தொடங்கியது. பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பட்டையில் கடலுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த வேலை. 1,525 ஹெக்டேர் புது நிலம். பங்களாக்களின் படியிலிருந்து கடல் பின்வாங்கியது. புது நிலத்தில் 1970களில் மரின் பரேட் வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. கப்பல்துறைக் கூலியும் பள்ளி ஆசிரியரும் டாக்சி ஓட்டுநரும் கடலைப் பார்த்த வீட்டில் குடியேறினார்கள். அதற்கும் அப்பால், புதுக் கரை முழுதும் 15 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்குக் கடற்கரைப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது, வாயிற்கதவும் கிடையாது.

பள்ளி விடுமுறையில் அப்பா எங்களை அங்கே கூட்டிப் போவார். அம்மாவின் டிபன் கேரியரில் புளியோதரை, அவித்த முட்டை. பக்கத்துக் கூடாரத்தில் ஒரு மலாய்க் குடும்பம், அதற்கடுத்து தூண்டில் போட்டு உட்கார்ந்த சீனக் கிழவர். ஒருமுறை பேருந்தில் கத்தோங் வழியாக வரும்போது, பழைய பங்களா ஒன்றின் மதிலைக் காட்டி அப்பா சொன்னார்: "இந்தச் சுவத்துல அலை அடிக்கும்டா. அப்பெல்லாம் நாங்க இந்தப் பக்கம் வந்ததே இல்ல." அப்போது எனக்கு எட்டு வயது. கடலை நகர்த்த முடியும் என்பதே பெரிய மந்திரமாக இருந்தது. நகர்த்தியவர்கள் அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பது அப்பா சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் இருந்ததென்று புரிய வெகுகாலம் ஆனது.

நம் குடும்பங்களுக்குப் பாசிர் ரிஸ், சாங்கி 'செலே' விடுமுறை விடுதிகளும் இருக்கின்றன. பிள்ளைக்கு 21 வயது என்றால் இரண்டு இரவு செலே எடுத்து, கரி அடுப்பில் கோழி வாட்டி, தரையில் பாய் விரித்துப் பதினைந்து பேர் படுத்துக்கிடப்போம். நடுத்தர வர்க்கத்தின் கடலோர மாளிகை அதுதான், இரண்டு நாளைக்கு.

ஆக, இந்த நாடு கடலைத் தூர்த்துக் கிழக்கே எல்லோருக்கும் ஒரு கரை செய்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு தெற்கே சிலருக்கு ஒரு கரை செய்தது. இரண்டாவதற்குக் காரணங்கள் இருந்தன: முதலீடு வேண்டும், உலகச் செல்வந்தர்கள் இங்கே வேர் விட வேண்டும், நிலம் விற்ற பணம் பொதுக் கருவூலத்துக்குத்தானே வருகிறது என்றார்கள். அந்த மாளிகையும் 99 ஆண்டுக் குத்தகை, பஃபலோ சாலையில் என் வீடும் 99 ஆண்டுக் குத்தகை, கடைசியில் இரண்டும் அரசுக்கே திரும்பும் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் விளக்கெரியாத வீடுகளுக்கு நல்ல கரையைக் கொடுத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

மூன்றாவது முறையும் மண் கொட்டப் போகிறோம் என்பதால் இதை இப்போது எழுதுகிறேன். 2023 நவம்பரில் அரசு 'லாங் ஐலண்ட்' திட்டத்தை விரிவாக அறிவித்தது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவுக்கு எதிரே, கடலுக்குள், சுமார் 800 ஹெக்டேர். மரினா பேயைப் போல இரண்டு மடங்கு. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1 மீட்டருக்கு மேல் உயரக்கூடும் என்கிறார்கள். அந்த வெள்ளத்தைத் தடுக்கும் அரணாகவும், நடுவே நன்னீர்த் தேக்கமாகவும் அது இருக்கும். வீடுகளும் வரும், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் புது நீர்முகப் பூங்காவும் வரும் என்கிறார்கள். ஆய்வுகள் முடியவே சில ஆண்டுகள் ஆகும். கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள். அதன் வரைபடத்தில் கடலைப் பார்த்த வரிசையில் என்ன எழுதப் போகிறார்கள்? அங்கே முதலில் வீவக அடுக்குமாடிகள் எழுத வேண்டும். கரையின் ஓர் அடியும் வேலிக்குள் போகக் கூடாது. கருத்துக் கேட்கும் கூட்டம் எப்போது நடந்தாலும் போய் எழுந்து நின்று இதைச் சொல்லப் போகிறேன். நீங்களும் வாருங்கள். தமிழிலேயே சொல்லலாம்.

போன ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி மரின் பரேடில் இறங்கி, அடுக்குமாடிகளைத் தாண்டி, விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் நடந்தால் மணல். ஏழாண்டில் அவர் அங்கே வந்ததில்லை. ஞாயிறு என்றால் கோயில், தேக்கா, பணம் அனுப்பும் கடை, அவ்வளவுதான். கரையில் சைக்கிள் விடும் பிள்ளைகள், அடுப்பைச் சுற்றி ஒரு பெரிய மலாய்க் குடும்பம், வாளை மீன் வாட்டும் புகை. அக்கா அந்தப் புகையில் சற்று நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டுக் கைபேசியைக் கடலின் பக்கம் திருப்பினார்.

"அலையே இல்லையேடி" என்றது அந்தப் பக்கத்துக் குரல். தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களை எண்ணினார் போலும், கொஞ்சம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "உள்ள போக எவ்வளவு டிக்கெட்டு?"

"டிக்கெட்டெல்லாம் கெடையாதும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா முட்டி வரை நீரில் இறங்கினார்.