காவல் வேண்டும், கதவடைப்பு வேண்டாம்!

அபின் என்றால் அச்சம். அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின் என்றாலும் அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு, மறுப்பார் இல்லை. ஆனால் தோழர்களே, புற்றுநோய் முற்றி, படுக்கவும் இயலாமல் அமரவும் இயலாமல் துடிப்பவனுக்கு அந்த மார்பின் வில்லைதான் உறக்கம்; அதுதான் ஒரு வாய்ச் சோறு; அதுதான் பெற்ற மகளிடம் நிம்மதியாய் நாலு வார்த்தை பேசும் வாய்ப்பு! 1977ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலிலேயே அதற்கு இடம் உண்டு.

அந்த மருந்துக்கு மூலப்பொருள் விளையாத நாடா இது? மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உழவர்கள் அரசின் உரிமம் பெற்றுக் கசகசாச் செடி பயிரிடுகின்றனர். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள். அயல்நாடுகளுக்கும் அபின் அனுப்பிய நாடு இது. கடல் கடந்து போன பொருள், தெருக் கடந்து நம் வீட்டுக்கு வர மறுத்தது ஏன்?

1985இலே வந்தது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கள்ளக் கடத்தலை ஒடுக்கவே அது பிறந்தது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு விதி! இருப்பு வைக்க ஓர் உரிமம், கொண்டு செல்ல ஓர் அனுமதி, அனுப்பும் மாநிலத்தின் இசைவு, பெறும் மாநிலத்தின் இசைவு! அத்தனை தாள்களும் ஒரே நேரத்திலே உயிரோடு இருந்தால்தான் மருந்து நகரும். கடைசித் தாள் கைக்கு வருமுன்னே முதல் தாள் காலாவதி! உரிமம் பெற்றவர் கணக்கெழுதத் தவறினால் மூன்றாண்டு வரை சிறை. எந்த வணிகர் இந்த வம்பை விலைக்கு வாங்குவார்? விளைவு, 1997இலே இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் ஏறத்தாழ 18 கிலோ!

2014இலே சட்டத்தைத் திருத்தினர். மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள், 'இன்றியமையாப் போதை மருந்துகள்' எனத் தனியே பிரிக்கப்பட்டன. 2015 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதி. தகுதியுள்ள மருத்துவர் இருக்கவேண்டும். கணக்கு ஒழுங்காக இருக்கவேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே மருத்துவமனைக்குப் போதும்.

சட்டம் திறந்தது, கடை திறந்ததா?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இலே அடையாற்றில் எழுந்தது புற்றுநோய் நிலையம். அத்தகைய நிலையத்திலே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவருக்கு நள்ளிரவில் வலி வந்தால்? மயிலை மாட வீதிகளிலே, தியாகராய நகர்ப் பாண்டி பஜாரிலே மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் மார்பின் வில்லை வைத்திருக்கும் கடை எத்தனை? சென்னைக்கே இந்தக் கேள்வி என்றால், சிற்றூரின் கதி என்ன?

'கதவைத் திறந்தால் போதை புகுந்துவிடுமே!' என்பார் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவிலே 1996இல் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் வில்லையை, ஆபத்தை மறைத்து விற்றனர். 2007இலே தயாரிப்பு நிறுவனத்தார் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அங்கே இலாப வெறி காவலனை விரட்டியது. இங்கே காவலனே வாயிலை அடைத்து நின்றான். இரண்டும் கேடுதான். ஒழுங்கான மருத்துவர் சீட்டுக்கு ஒழுங்கான கடையிலே மருந்து கிடைக்கவேண்டும். ஒவ்வொரு வில்லைக்கும் கணக்கு இருக்கவேண்டும். இதுவே நாம் கேட்பது.

தோழர்களே! உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனைக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில், ஏன் இல்லை என்று கேளுங்கள். மருந்துக் கடைக்காரரிடம் மிரட்டலாக அல்ல, அன்போடு, சட்டம் மாறிய செய்தியைச் சொல்லுங்கள். நோயைத் தீர்க்க முடியாத நாள் வரலாம். வலியைத் தீர்க்க முடியும் என்று தெரிந்தும் தீர்க்காத நாள் வரலாகாது!