நம் எழுத்துக்கு நம் பக்கம்

பெருமுக்கல் முதல் மரக்காணம் உப்பளம் வரை நம் சேரிப் பிள்ளைகள் கையில் செல்பேசி இருக்கிறது. நடப்பதையெல்லாம் முகநூலில் எழுதுகிறோம். எதிர்த்தரப்பு கூட்டமாகப் புகார் கொடுத்தால் கணக்கு முடங்கும். பல ஆண்டு எழுத்து ஒரே நாளில் போகும். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் நம் வீடுகள் எரிக்கப்பட்டன. அப்படியொரு நாளின் சாட்சியத்தை அடுத்தவர் திண்ணையில் வைத்துவிட்டு வரலாமா?

நம் முன்னோர் அப்படி வைக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அந்த இதழ்களைப் பாதுகாத்தவர்கள் இருந்ததால்தான் 1999இல் ஞான அலாய்சியஸ் அயோத்திதாசரின் எழுத்தைத் தொகுத்து வெளியிட முடிந்தது.

அன்று அச்சகமும் காகிதமும் காசும் வேண்டும். வலைப்பக்கத்துக்கு அவ்வளவு வேண்டாம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் வலைத் தொழில்நுட்பத்தை உரிமத்தொகை இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி வகுப்பில் சேரும் முன், அரசு கொடுத்த மடிக்கணினியில் நோட்பேடைத் திறங்கள். எச்டிஎம்எல்லில் தலைப்புக்கு ஒரு குறிச்சொல், பத்திக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, இணைப்புக்கு ஒன்று. முதல் வாரத்துக்கு இந்த நான்கு போதும். கோப்பைச் சேமித்து பிரவுசரில் திறந்தால் பக்கம் தெரியும். அதற்கு இணையம்கூட வேண்டாம். தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுச் சேமியுங்கள். நிறம், அளவு, அமைப்புக்கு சிஎஸ்எஸ் பிறகு வரட்டும். பிடித்த பக்கம் எதுவானாலும் அதன் மூலநிரலைக் கணினி பிரவுசரிலேயே பார்க்கலாம். பார்த்து, மாற்றி, உடைத்து, சரிசெய்வதுதான் படிப்பு.

'எங்களுக்கு இங்கிலீஷ் வராதே' என்று தயங்க வேண்டாம். குறிச்சொற்கள் சில எழுத்துகள்தான். கணியம் தளத்தில் எளிய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இலவசப் பயிற்சி தருகிறது.

முதல் பக்கத்தில் உங்கள் ஊரை எழுதுங்கள். சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்பட்டது? பஞ்சமி நிலத்தின் சர்வே எண் என்ன? மனு கொடுத்த தேதி எது? பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகள் பெயரை மட்டும் போடாதீர்கள். கோப்பின் நகலை இரண்டு மூன்று பேர் பென்டிரைவில் வைத்திருங்கள். ஒரு தளம் மூடப்பட்டால் அதே கோப்பை இன்னொரு தளத்தில் ஏற்றலாம்.

வேலைக்கும் இந்தப் படிப்பு உதவும். அதைவிட முக்கியம், நம் வரலாற்றின் சாவி நம் கையில் இருப்பது.

ஜெய்பீம்!