‘எனக்குக் கணக்கு ஓடாது’

பெற்றோர் பலர் தம் பிள்ளையை எம்மிடம் அழைத்துவரும்பொழுது, பிள்ளையின் பெயரைச் சொல்லுமுன்னரே, “இவனுக்குக் கணக்கு மட்டும் ஓடாது, சேர்” என்று சொல்லிவிடுகின்றனர். பக்கத்திலே நிற்கும் பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு அதனை ஆமோதிக்கின்றது. கல்வியிலே தன்னம்பிக்கைக்குள்ள பங்கைப்பற்றிப் பேசப்புகும் நாம், இந்த ‘ஓடாது’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். க. பொ. த. சாதாரணதரப் பரீட்சைக்கு 10 மாதங்களே எஞ்சியிருந்தன. தவணைப் பரீட்சையிலே கணிதத்திற்கு அவன் பெற்ற புள்ளி 19. விடைத்தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே கிடந்தது. பிழையாகவேனும் எதையாவது எழுதியிருக்கலாமே என்று கேட்டோம்.

“எனக்குக் கணக்கு ஓடாது, சேர்.”

“ஆர் தம்பி உமக்கு அப்பிடிச் சொன்னது?”

அவன் சிறிது தயங்கினான். பின்னர், “நீங்கள்தான் சேர். ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையிலை எழுதினனீங்கள்” என்றான்.

மறுநாள் அவ்வறிக்கையைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். ‘கணிதத்தில் ஆற்றல் குறைவு’ என்று எமது கையெழுத்திலேயே இருந்தது. ஒரு வகுப்பின் அறிக்கைகள் அனைத்தையும் ஓரிரவிலே எழுதி முடிக்கும் அவசரத்தில் நாம் எழுதிய மூன்று சொற்கள், ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இரண்டாண்டு காலம் தீர்ப்பாக நின்றிருக்கின்றன. எழுதிய நாம் மறந்துவிட்டோம். வாசித்த அவன் மறக்கவில்லை.

இனி என் செய்வது? ‘உன்னால் முடியும்’ என்று முதுகிலே தட்டிவிட்டால் நம்பிக்கை பிறந்துவிடுமா? பிறவாது. தன்னாற்றலிலே ஒருவன் கொள்ளும் நம்பிக்கையை ஆராய்ந்து 1977 ஆம் ஆண்டில் எழுதிய மனோதத்துவ அறிஞர் அல்பேட் பன்டூரா, அந்நம்பிக்கைக்குப் பிறர் கூறும் ஊக்கவுரையும், தன்னைப் போன்றோர் வெல்வதைக் காணுதலும் துணைசெய்யுமெனினும், தானே ஒரு காரியத்தைச் செய்து வென்ற அனுபவமே எல்லாவற்றினும் வலியதென்று காட்டினார். ஆகவே, சிறியதாயினும் அம்மாணவனுக்கு ஒரு வெற்றி வேண்டியிருந்தது.

அவனுடைய பழைய கொப்பிகளைப் புரட்டினோம். அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டி, ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதியிருந்தான். மேலெண்களை மேலெண்களோடும் கீழெண்களைக் கீழெண்களோடும் கூட்டிவிட்டான். “தம்பி, அரை மாம்பழத்தோடை இன்னும் கொஞ்சம் சேர்த்தால், அரையிலும் குறைஞ்சு போகுமே?” என்று கேட்டோம். சற்று யோசித்தான், பிறகு தன்னையறியாமற் சிரித்துவிட்டான். கணிதம் முழுவதும் அவனுக்கு ஓடாமலிருக்கவில்லை. பின்னம் ஓரிடத்திலே தடுத்தது. அதன்மேற் கட்டிய அட்சரகணிதமும் சரிந்தது. அவ்வளவே. நாடோறும் பாடசாலை விட்டபின் அரைமணி நேரம் பின்னத்திலிருந்து தொடங்கினோம். அடுத்த தவணையில் 31 புள்ளி பெற்றான். பொதுப்பரீட்சையிலே முதன்மையாகத் தேறினான் என்று கதை சொல்ல நாம் விரும்பவில்லை. சாதாரண சித்தி பெற்றான். ஆனால் அந்தச் சித்தி அவனுக்கு அடைபட்டிருந்த வாயில்கள் பலவற்றைத் திறந்துவிட்டது.

‘ஓடாது’ என்பது தீங்காயின், ‘என் பிள்ளை பிறவியிலேயே கெட்டிக்காரன்’ என்பது நன்றாகுமா? இங்கேதான் பெற்றோர் பலர் இடறுகின்றனர். அமெரிக்க அறிஞர்களான கிளவுடியா முவெல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளை 1998 இல் வெளியிட்டனர். புதிர்களைச் செய்து முடித்த பிள்ளைகளிற் சிலரை அறிவுக்காகவும், வேறு சிலரை முயற்சிக்காகவும் பாராட்டினர். அதன்பின் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோல்வியைக் காணச் செய்தனர். மூன்றாவதாக, முதலிற் கொடுத்தவற்றை ஒத்த புதிர்களைக் கொடுத்தபோது, முயற்சிக்காகப் பாராட்டப்பெற்றோர் முன்னிலும் நன்றாகச் செய்தனர். அறிவுக்காகப் பாராட்டப்பெற்றோரோ முன்னிலும் குறைவாகவே செய்தனர். காரணம் விளங்கக்கூடியதே. கெட்டிக்காரன் என்னும் பட்டத்தைச் சுமக்கும் பிள்ளை, தோற்றவுடன் பட்டமே பறிபோயிற்றென்று கலங்குகின்றது. ‘ஓடாது’ என்பதும் ‘கெட்டிக்காரன்’ என்பதும் ஒரே தவறுதான். இரண்டும் செய்த வேலையை விட்டுப் பிள்ளையை அளக்கின்றன.

எனினும், மனப்பாங்கை மாற்றினாற் போதும், யாவும் மாறிவிடும் என்று எண்ணுதலும் பேதைமை. அமெரிக்காவிலே ஏறக்குறைய 12,000 மாணவரைக் கொண்டு நடத்திய பேராய்வொன்று 2019 இல் வெளியாயிற்று. அறிவாற்றல் வளரக்கூடியது என்பதைக் குறுகிய பாடமொன்றின் வாயிலாகக் கற்ற பின்தங்கிய மாணவரின் பெறுபேறு உயர்ந்தது. ஆயின் அவ்வுயர்வு சிறிதே. நம்பிக்கை வாயிலைத் திறக்கும்; உள்ளே நடந்து செல்ல உழைப்பும், வழிகாட்ட ஆசிரியனும் வேண்டும்.

இதனை எம் முன்னோர் அறியாதவரல்லர். திருக்குறளிலே ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் நான்கு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பதை நோக்குங்கள். முதலில் உள்ளத்தின் எழுச்சி, பின் சோம்பலை நீக்குதல், பின் முயற்சி, ஈற்றிலே துன்பம் வந்துழிக் கலங்காமை. முதலாவதோடு நின்றுவிட்டவனுக்குப் பயனில்லை. முதலாவது இல்லாதவனோ தொடங்குவதேயில்லை.

ஆகவே பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளை விடைத்தாளோடு வீட்டுக்கு வரும்பொழுது, “எத்தனை புள்ளி?” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “எவ்விடத்திலே தடுத்தது?” என்றும் கேளுங்கள். அந்த இடம் தெரிந்தால் அதனைத் திருத்திவிடலாம்.

நாமும் எமது பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். ‘ஆற்றல் குறைவு’ என்று இப்பொழுது எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை. ‘பின்னக் கூட்டலிற் பயிற்சி வேண்டும்’ என்று எழுதுகின்றோம். எழுதுவதற்குச் சிறிது நேரம் கூடுதலாகத்தான் செல்கின்றது.